"நிறையக் கேட்டவ, ஆனா கேக்கேல்ல" - உதவி வேணும்

கடற்கரை_ரயில் (திங்கள், இரவு 9.40)

எல்லாருக்கும் வணக்கம். நான் கொழும்பில ஒரு மனநல கிளினிக்கில சோசல் வேர்க் பயிற்சியில இருக்கிறன், இது ரெண்டாவது ப்ளேஸ்மென்ட். எந்த இடம் எண்டு சொல்லேல்ல, கீழ வாற அம்மாவைப் பற்றின விபரங்களையும் மாத்தித்தான் எழுதுறன்.

அறுபது தாண்டின ஒரு அம்மா. நெஞ்சு பாரம், நித்திரை இல்ல, ஒரே பெருமூச்சு. ஈசிஜி எக்கோ எல்லாம் எடுத்துப் பாத்து இருதயத்தில ஒரு பிழையும் இல்லை எண்டு எங்கட பக்கம் அனுப்பிவிட்டவை. மனுசன் செத்து மூண்டு வருசம், இப்ப மகளோட ஃப்ளாட் ஒண்டில இருக்கிறா. முதல் நாள் நான் அவவோட ஒரு மணித்தியாலம் இருந்தன். ஃபோம் ஆறு பக்கம். நித்திரை, சாப்பாடு, மருந்து, குடும்பத்தில ஆருக்கும் முந்தி இப்பிடி வந்ததா, வருமானம், வீட்டில எத்தினை பேர், எல்லாம் கேட்டு ஒரு கட்டமும் வெறுமையா விடாமல் நிரப்பினன். நல்லாச் செய்திருக்கிறன் எண்டு நினைச்சுக்கொண்டுதான் பின்னேரம் 100 பஸ் ஏறினனான்.

மற்ற கிழமை மகள் மட்டும் வந்தா. அம்மா வரமாட்டன் எண்டிட்டாவாம். ஏன் எண்டு கேட்டன். மகள் கொஞ்சம் தயங்கிப்போட்டுச் சொன்னா, "அம்மா சொல்லுறா, அந்தப் பிள்ளை நல்ல பிள்ளை, நிறையக் கேட்டவ, ஆனா கேக்கேல்ல எண்டு."

எனக்கு அந்த வசனம் முழுசா உறைக்க ரெண்டு நாள் எடுத்தது. எங்கட பாசையில கேள்வி கேக்கிறதும் கேக்கிறதுதான், காது குடுத்துக் கேக்கிறதும் கேக்கிறதுதான். நான் முதலாவதைச் செய்துபோட்டு ரெண்டாவதையும் செய்ததா நினைச்சிட்டன்.

எங்களுக்கு ப்ரொசஸ் ரெக்கோடிங் எண்டு ஒண்டு எழுதவேணும். தெரியாத ஆக்களுக்குச் சொல்றன், சந்திப்பு முடிஞ்ச கையோட அவை என்ன சொன்னவை நான் என்ன சொன்னனான் எண்டு ஞாபகத்தில இருந்து சொல்லுக்குச் சொல் எழுதி, பக்கத்து நிரலில அந்த நேரம் எனக்குள்ள என்ன ஓடினது எண்டும் எழுதிச் சுப்பவைசரிட்டக் குடுக்கிறது. அதை எடுத்துத் திரும்ப வாசிச்சன். மூண்டு இடத்தில அந்த அம்மா "அண்டைக்குக் காலமை நான்..." எண்டு தொடங்கியிருக்கிறா. மூண்டு இடத்திலையும் நான் குறுக்க பூந்திருக்கிறன். முதல் தரம், "விளங்குது அம்மா, கஷ்டமாத்தான் இருக்கும், சாப்பாடு எப்பிடி?" ரெண்டாந்தரம், "ஓம் ஓம் விளங்குது, மருந்து ஏதும் குடிக்கிறீங்களா?" மூண்டாந்தரம் அவ சொல்ல வாயெடுக்கவே நான் டிஷ்யூ பெட்டியை அவவின்ர பக்கம் தள்ளியிருக்கிறன், அவ அழக்கூட இல்ல. பக்கத்து நிரலில என்ர கையெழுத்தில "நேரம் போகுது, இன்னும் ரெண்டு பக்கம் கிடக்கு" எண்டு எழுதியிருக்கு.

சுப்பவைசர் அந்த மூண்டு இடத்தையும் பென்சிலால வட்டம் போட்டுத் தந்தா. வாயால ஒண்டும் சொல்லேல்ல.

அந்தக் காலமை என்ன நடந்தது எண்டு எனக்கு இண்டைவரைக்கும் தெரியாது. என்ர கேள்வி, அவவைத் திரும்பக் கூப்பிடலாமா, கூப்பிட்டால் என்னெண்டு தொடங்கிறது? இந்தத் தொழிலில இருக்கிற ஆக்கள், அந்தப் பக்கத்துக் கதிரையில இருந்த ஆக்கள், ஆரெண்டாலும் சொல்லுங்கோ.


பழைய_மிஸி (திங்கள், இரவு 10.25)

மகள், நான் 34 வருசம் நேர்ஸா வாட்டில நிண்டவள், இப்ப பென்ஷன். முதல் ஒண்டு கேக்கிறன், கோவிக்காதேங்கோ. இதை இஞ்ச எழுதுறதுக்கு அந்த அம்மாவிட்டக் கேட்டனீங்களா? விபரத்தை மாத்தினாலும் அந்த வசனம் அவவின்ர வசனம். அதை யோசியுங்கோ.

மற்றது, உங்களுக்கு நடந்தது உங்களுக்கு மட்டும் நடந்ததில்லை. 1984ல அமெரிக்காவில பெக்மன், ஃப்ராங்கல் எண்டு ரெண்டு பேர் டொக்டர்மாரும் நோயாளியளும் கதைச்ச 74 சந்திப்பைப் பதிவு செய்து பாத்தவை. நோயாளி வாயைத் திறந்து சராசரி 18 செக்கனில டொக்டர் குறுக்க பூந்திட்டார். சொல்ல வந்ததைச் சொல்லி முடிச்சது நாலில ஒரு பங்கு ஆக்கள் கூட இல்லை. நேரம் இல்லை எண்டுதான் எல்லாரும் சொல்லுவினம். ஆனா 2002ல சுவிட்சர்லாந்தில பாசல் ஆஸ்பத்திரியில 335 நோயாளியளைக் குறுக்கிடாமல் விட்டுப் பாத்தவை, சராசரி 92 செக்கனில தாங்களாவே முடிச்சிட்டினம். ஒண்டரை நிமிசம். ஃபோமில ஒரு பக்கம் நிரப்பிற நேரம் கூட இல்லை.

புத்தகத்தில கண்ணைப் பாத்துக் கதையுங்கோ எண்டு போட்டிருக்கும். எங்கட வயசுபோன பொம்பிளையளுக்கு நேருக்கு நேர கண்ணைப் பாத்தால் கதை வராது, விசாரணை மாதிரி இருக்கும். நான் கண்டது, தலை இழுத்துவிடேக்க கதைப்பினம். எண்ணெய் வைச்சு சீப்பால இழுக்க இழுக்க, முகம் ஒண்டையொண்டு பாக்காது, அப்பதான் ஒவ்வொண்டா வரும். கட்டில் காலடியில நிண்டுகொண்டு "எப்பிடி அம்மா?" எண்டு கேட்டால் "ஒண்டுமில்லை மிஸி" எண்டுதான் பதில். ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டுப் பக்கவாட்டில இருந்தால் வேற பதில். கதிரையைக் கொஞ்சம் திருப்பிப் போடுங்கோ, ரெண்டு பேருக்கும் ஜன்னல் தெரியிற மாதிரி.


மட்டக்குளி_பையன் (திங்கள், இரவு 11.10)

நான் நேரா பேசுற ஆள், தப்பா எடுக்க வேணாம். எங்க வீட்டுக்கும் ஒரு காலத்துல இப்படி கேக்கிறதுக்கு ஆக்கள் வந்தாங்க. நல்லா பேசினாங்க, அம்மா அழுதாங்க, அவங்களும் கண் கலங்கினாங்க. போயிட்டாங்க. அடுத்த நாள் வீட்டுக்காரன் வாடகை கேட்டு வந்து நின்டான். கரண்ட் பில் அப்படியே இருந்திச்சி. தம்பி ஸ்கூல் போகாம மூனு மாசம், அதுக்கு யாரும் ஒரு லெட்டர் கூட எழுதி குடுக்கல்ல. கஷ்டப்பட்ட ஆக்கள்கிட்ட நீங்க காது மட்டும் கொண்டு வந்தா அது யாருக்கு நல்லது, எங்களுக்கா உங்களுக்கா? 2022ல அடுப்பு எரியாத வீட்டுல போய் மனச பத்தி கேட்டா என்ன சொல்றது. இத கொஞ்சம் யோசிங்க அக்கா.


தெமட்டகொட_ராத்தா (செவ்வாய், காலை 6.15)

ஸுபஹு தொழுகைக்குப் பொறகு வாசிச்சிக்கிட்டு இரிக்கியன். எங்கட வாப்பா மௌத்தான நேரம் உம்மா இத்தால இருந்த, புருசன் மௌத்தானா பொம்பிளைகள் ஊட்டோட இரிக்கிற காலம், நாலு மாசம் பத்து நாள். வந்த ஆக்கள் எல்லாரும் "சபூர் செய்ங்க, அல்லாட நாட்டம்" ண்டு, பொறுமையா இரிக்கச் சென்ன. அது எங்கட நம்பிக்க, அதுல கொற சொல்ல ஒண்டுமில்ல. ஆனா அத சென்ன ஒடன உம்மாட வாய் மூடிரும், அதுக்குப் பொறகு என்னத்த செல்ல.

பக்கத்து ஊட்டு ராத்தா ஒராள், படிப்பு ஒண்டும் இல்ல, ஒவ்வொரு நாளும் அஸருக்குப் பொறகு வருவா. வந்து ஒண்டும் கேக்க மாட்டா. அடுப்படில பலகைய போட்டு இருந்து கீர ஆஞ்சி குடுப்பா, வெங்காயம் உரிப்பா. உம்மாவும் சும்மா இருப்பா. இப்பிடியே ஒரு மாசத்துக்கு மேல. ஒரு நாள் உம்மா கதைக்கத் தொடங்கின, மஹ்ரிப் வரைக்கும் கதைச்ச. என்ன சென்னண்டு இன்னைக்கும் எங்களுக்குத் தெரியா. பிள்ளைகள் நாங்க ஒராளும் அடுப்படிப் பக்கம் போகல்ல.

கடற்கரை தங்கச்சி, ஒங்களுக்கு ஒரு மாசம் கீர ஆய ஏலாது தெரியும். ஆனா மூணு தரம் தொடங்கின ஆள் நாலாந்தரமும் தொடங்குவா, நீங்க எடம் வெச்சா.


இரவுச்சேவை (செவ்வாய், இரவு 8.50)

நான் ஒரு தொலைபேசி உதவிச் சேவையில தொண்டரா இருக்கிறன், பேர் வேண்டாம். இந்த நாட்டில இந்த வேலைக்குப் பழைய வரலாறு இருக்கு, சுமித்ரயோ எண்ட உதவிச் சேவை 1974ல தொடங்கினது, அப்ப தற்கொலைக்கு முயற்சி செய்தவரைச் சட்டம் குற்றவாளியாப் பாத்த காலம், அந்தச் சட்டம் 1998லதான் எடுபட்டது. அதால ஆரும் வெளிய சொல்லப் பயந்தவை, பேர் கேக்காத ஒரு காது தேவைப்பட்டது.

ஃபோனில எங்களுக்குக் கதிரையைத் திருப்ப வழி இல்லை, முகமும் இல்லை. இருக்கிறது மூச்சுச் சத்தம், பின்னால ஓடுற ஃபேன், சில நேரம் ரோட்டில போற த்ரீவீல். புதுசா வாற தொண்டருக்கு முதல் வாற பயம் மௌனம். அந்தப் பக்கம் இருபது செக்கன் சத்தம் இல்லாட்டி "ஹலோ இருக்கிறீங்களா" எண்டு கேட்டுவிடுவினம், அதோட வந்துகொண்டிருந்த சொல் திரும்பிப் போயிடும். நானும் அப்பிடித்தான் இருந்தனான். என்னைத் திருத்தினது அம்மம்மாவின்ர ஞாபகம். சின்னனில கதை சொல்லேக்க நாங்கள் உம் கொட்டவேணும், உம் நிண்டால் அவ கதையை நிப்பாட்டிப்போடுவா. ஆனா நித்திரை தூங்கிக்கொண்டு கொட்டிற உம்மும் கதையோட போற உம்மும் அவவுக்கு வித்தியாசம் தெரியும். "நீ இப்ப கேக்கேல்ல, படு" எண்டுவா. லைனில இருக்கிற ஆளுக்கும் அது தெரியும். இப்ப நான் மௌனம் வந்தால் அப்பிடியே இருக்கிறன், கன நேரம் போனால் மெல்லமா "இருக்கிறன்" எண்டு மட்டும் சொல்லுறன்.

ஒரு முக்கியமான விசயம், கேக்கிறது எண்டால் கேள்வியே கேக்கக்கூடாது எண்டு இல்லை. ஒராள் "இனி ஏன் இருக்கவேணும்" எண்ட மாதிரிக் கதைச்சால் சுத்தி வளைக்காமல் "சாகவேணும் எண்டு யோசினை வருதா?" எண்டு நேரா, அமைதியாக் கேக்கவேணும். அப்பிடிக் கேட்டால் இல்லாத எண்ணத்தை நாங்கள் விதைச்சுப்போடுவம் எண்டு கன பேர் நினைக்கினம், அது பிழை. ஒருத்தரும் கேக்கத் துணியாததைக் கேட்டதே அவையளுக்குப் பெரிய ஆறுதல். இதை வாசிக்கிற ஆருக்கும் இப்ப அப்பிடி இருந்தால் இலங்கையில 1333 இல்லாட்டி 1926 எண்ட உதவி நம்பருக்கு அடியுங்கோ.

மட்டக்குளித் தம்பிக்கும் ஒண்டு. 1995ல இலங்கையில ஒரு லட்சம் பேருக்கு 47 அளவில தற்கொலை, உலகத்திலேயே ஆகக் கூடின இடங்களில ஒண்டு. பிறகு பெரிசாக் குறைஞ்சது. அதுக்கு முக்கிய காரணம் எங்களை மாதிரி ஆக்களின்ர காது இல்லை, கொடிய கிருமிநாசினியளை ஒவ்வொண்டாத் தடை செய்தது. அந்தப் பெருமையை நாங்கள் எடுக்க ஏலாது. அதால நீங்கள் சொல்லுற வாடகைக் கதை எனக்கு நல்லா உறைக்குது.


கடற்கரை_ரயில் (செவ்வாய், இரவு 10.05)

எல்லாருக்கும் நன்றி. மிஸி அம்மா, நான் அவவிட்டக் கேக்கேல்ல. பிழைதான். கண்டால் முதல் அதைத்தான் சொல்லப்போறன், அவ வேண்டாம் எண்டால் இந்த இழையை எடுத்துவிடச் சொல்லி எழுதுவன்.

மட்டக்குளி, நீங்கள் சொன்னதை வாசிச்சுக் கன நேரம் இருந்தன். சோசல் வேர்க்கர் காது மட்டும் கொண்டு வந்தால் அவர் தன்ர வேலையில பாதியை வீட்டில விட்டிட்டு வந்தவர், அதில எனக்கு ரெண்டு கருத்து இல்லை. பள்ளிக்கூடத்துக்குக் கடிதம், பிரதேச செயலகத்தில பதியிறது, கிராம சேவகரிட்டக் கையெழுத்து, இதெல்லாம் எங்கட வேலை. ஆனா போன ப்ளேஸ்மென்டில நான் கண்டதைச் சொல்லுறன். ஒரு குடும்பத்துக்கு உதவிப்பணத்துக்கு எல்லாப் பேப்பரும் எழுதிக் குடுத்தன், அவை கொண்டுபோய்க் குடுக்கவே இல்லை. எனக்குச் சரியான கோவம். கடைசியில பாத்தால் அந்த ஃபோமில மனுசனின்ர கையெழுத்து வேணும், மனுசன் எங்க எண்டு அவவுக்குத் தெரியாது, அதை எனக்குச் சொல்ல வெக்கம். நான் முதல் நாளே கேட்டிருந்தால், கேள்வி கேக்கிறதைச் சொல்லேல்ல, மற்றக் கேக்கிறதைச் சொல்லுறன், மூண்டு மாசம் வீணாப் போயிருக்காது. காசு கிடைக்கிறதுக்கும் அந்தக் காது தேவைப்பட்டது. உங்கட வீட்டுக்கு வந்தவை கேட்டுப்போட்டு அங்கயே நிண்டிட்டினம், அது சரியான பிழை.


தேயிலைக்கொழுந்து (புதன், பகல் 1.30)

லஞ்ச் டைம்ல எழுதுறேன். நான் ஹட்டன் பக்கம் ஒரு தோட்டத்துல பொறந்தவன், 19 வயசுல கொழும்புக்கு வந்து உடுப்புக் கடையில வேலை. வந்த ரெண்டாவது வருசம் எனக்கு ஒடம்பு சரியில்லாம போச்சி. தூக்கம் இல்ல, சோறு எறங்கல, கடையில சாமான எடுக்கப் போய் எதுக்கு வந்தேன்னு மறந்து நிப்பேன். ஆஸ்பத்திரிக்கு போனப்ப டொக்டருக்கு தமிழ் தெரியாது, எனக்கு அப்ப சிங்களம் கொஞ்சந்தான். 1987லேயே தமிழும் அரச கரும மொழின்னு சட்டத்துல போட்டாச்சி, ஆனா கிளினிக் மேசைக்கு முன்னால ஒக்காந்திருக்கப்ப ஒங்க கூட யாரு வந்திருக்காங்களோ அவங்கதான் ஒங்க மொழி. எங்கூட வந்தது மாமா பையன், நல்லா படிச்சவன்.

நான் "ஒரே யோசனையா இருக்கு"ன்னு சொன்னேன். நம்மாளுங்களுக்கு தெரியும், யோசனைன்னா மண்டையில நெனக்கிறது மட்டும் இல்ல, நெஞ்சுல ஒரு கல்லு மாதிரி ஒக்காந்துக்கிட்டு எந்திரிக்காம இருக்கிறது. அவன் இங்லீஷ்ல "நெறய திங்க் பண்றான்"ன்னு சொன்னான். டொக்டர் சிரிச்ச முகமாத்தான் சொன்னாரு, அதிகமா யோசிக்காதீங்க, படம் பாருங்க, ஃப்ரண்ட்ஸோட வெளிய போங்கன்னு. மாமா பையனும் வர்ற வழியெல்லாம் அதையே சொன்னான். யோசிக்காம இருக்க முடிஞ்சா நான் ஏன் அங்க போறேன்.

ரெண்டாவது தடவ ஒரு சோசல் வேர்க்கர் மிஸ்கிட்ட அனுப்பினாங்க. சிங்களப் பொண்ணு. தமிழ் படிச்சிக்கிட்டு இருக்காங்க போல, ஒவ்வொரு வார்த்தையா தேடித் தேடிப் பேசினாங்க. "மெதுவா சொல்லுங்க, என்ட தமிழ் கொஞ்சம்"ன்னு சொல்லிட்டு மாமா பையன வெளிய ஒக்காரச் சொல்லிட்டாங்க. நான் யோசனைன்னு சொன்னதும் பேனைய வச்சிட்டு "யோசனை... எங்க இருக்கு?"ன்னு கேட்டாங்க. எனக்கு அந்தக் கேள்விய யாரும் கேட்டதில்ல. நான் நெஞ்சத் தொட்டேன். அவங்க தலைய ஆட்டிட்டு, யோசனைக்கு சிங்களத்துல "கல்பனாவ"ன்னு சொல்லி அவங்க நெஞ்சையும் தொட்டுக் காட்டினாங்க. அவங்க ஊர்லயும் அந்தச் சொல்லு அதே எடத்துலதான் வலிக்குமாம்.

நான் பேசுன தமிழ் அவங்களுக்கு பாதிதான் வெளங்கியிருக்கும். அதனால ஒவ்வொண்ணையும் திருப்பிச் சொல்லி "இப்படியா? இது சரியா?"ன்னு கேட்டாங்க. தப்பா இருந்தா நான் திருத்தினேன். அப்படித் திருத்துறப்ப எனக்கே எனக்கு என்னா ஆச்சின்னு வெளங்க ஆரம்பிச்சிது. சரளமா பேசுற மாமா பையனுக்கு எல்லாம் தெரியும், அதனால அவன் எதையும் கேக்கல. ரயில் அக்கா, நீங்க எழுதுன அந்த "விளங்குது"வ பாத்ததும் அவன் மொகம்தான் ஞாபகம் வந்திச்சி, மன்னிச்சிக்கோங்க.


கடற்கரை_ரயில் (புதன், பகல் 2.10)

தம்பி, மன்னிப்புக் கேக்கவேண்டாம். இதை நான் கொப்பியில எழுதி வைச்சிருக்கிறன். "எங்க இருக்கு?" எண்ட அந்தக் கேள்வியை.


நூலகத்_தூசி (புதன், இரவு 9.15)

கொஞ்சம் புத்தகப் பக்கத்திலிருந்து. சோசல் வேர்க் படிப்பு இந்த நாட்டில 1952ல தொடங்கினது, பட்டப்படிப்பா வந்தது 2005ல. நாங்க வகுப்பில கார்ல் ரொஜர்ஸ் எண்ட அமெரிக்க உளவியலாளர் சொன்ன ஒத்துணர்வு, நிபந்தனையில்லாத மதிப்பு, உள்ளொன்று வெளியொன்று இல்லாத நேர்மை எண்ட மூண்டையும் பாடமாக்கி எழுதிப் பாஸ் பண்ணினனாங்கள். அவர் அதை எழுதின 1957லேயே அவரும் ஃபார்சனும் சேந்து "அக்டிவ் லிசனிங்", அதாவது முழு மனசோட கேக்கிறது, எண்டு ஒரு சின்னக் கைநூலும் எழுதினவை, அது முதல்ல போனது வேலைத்தளங்களில ஆக்களை மேய்க்கிறவைக்குத்தான். பிறகு அது தலையாட்டு, சொன்னதைத் திருப்பிச் சொல்லு, "உங்களுக்குக் கவலையா இருக்கு போல" எண்டு சொல்லு எண்ட அளவுக்குச் சுருங்கிப் போச்சு. தேயிலைக்கொழுந்து சொன்ன மிஸ்ஸும் திருப்பித்தான் சொன்னவ. ஆனா அவ தனக்கு விளங்காததால கேட்டவ, அந்த ஒண்டுதான் அதைப் பாடத்தில வாற திருப்பிச் சொல்லலில இருந்து பிரிக்கிறது எண்டு நான் நினைக்கிறன்.

அதே 1957ல ஃபீலிக்ஸ் பியஸ்டெக் எண்ட இயேசு சபைப் பாதிரியார் கேஸ்வேர்க் உறவுக்கு, அதாவது சோசல் வேர்க்கருக்கும் உதவி தேடி வாற ஆளுக்கும் இடையில இருக்கிற உறவுக்கு, ஏழு கோட்பாடு எழுதினார். அதில ஒண்டு கட்டுப்பாடான உணர்ச்சி ஈடுபாடு. என்ர மாணவர்கள் கட்டுப்பாடு எண்டதை மட்டும் பிடிச்சுக்கொண்டு மரம் மாதிரி இருப்பினம், இல்லாட்டி ஈடுபாடு எண்டதை மட்டும் பிடிச்சுக்கொண்டு தாங்களும் சேந்து அழுவினம். ரெண்டும் ஒரே ஆளுக்குள்ள ஒரே நேரத்தில இருக்கவேணும் எண்டதுதான் கஷ்டம், அது வகுப்பில வராது, வட்டம் போட்ட ப்ரொசஸ் ரெக்கோடிங்கிலதான் வரும். உங்கட சுப்பவைசரை எனக்குப் பிடிச்சிருக்கு.

டிஷ்யூ பெட்டியைப் பற்றி: மில்லர், ரோல்னிக் எண்டு ரெண்டு பேர், குடிப்பழக்கத்தில இருந்து ஆக்கள் வெளிய வர உதவிற ஒரு உரையாடல் முறையை உருவாக்கினவை. உதவி செய்ய வந்த ஆக்களுக்கு ஒரு அனிச்சைப் பழக்கம் இருக்கு எண்டு அவை சொல்லுவினம், கோணலாக் கண்ட எதையும் உடனே நிமித்தப் பாயிற கை. பாசத்தாலதான் பாயிறது. ஆனா அது பாஞ்ச உடனே மற்ற ஆள் தன்ர கதையை விட்டிட்டு உங்களைச் சமாளிக்கத் தொடங்கிடுவார்.

இன்னுமொண்டு, தலைப்புக்கு வெளிய போகுது எண்டாலும் எழுதுறன். "டீப் லிசனிங்", ஆழமாக் கேக்கிறது, எண்ட சொல்லை இப்ப பயிற்சிப் பட்டறை எல்லாத்திலையும் பாவிக்கினம். பாலீன் ஒலிவெரோஸ் எண்ட இசையமைப்பாளர் அந்தச் சொல்லை எடுத்தது ஒரு தண்ணித்தாங்கியில இருந்து. 1988ல வாஷிங்டன் மாநிலத்தில நிலத்துக்குக் கீழ 14 அடியில இருந்த ஒரு வெறும் தாங்கிக்குள்ள அவரும் கூட்டாளிகளும் இறங்கி வாசிச்சுப் பதிவு செய்தவை. அதுக்குள்ள ஒரு சத்தம் அடங்கிறதுக்கு 45 செக்கன் எடுக்கும். அப்பிடியெண்டால் ஒரு ஸ்வரத்தை வாசிச்சுப்போட்டு அடுத்ததை அவசரப்பட்டு வாசிக்க ஏலாது, முதல் போனது சுவரில எல்லாம் பட்டு என்னவாத் திரும்பி வருது எண்டு கேட்டுக்கொண்டு நிக்கவேணும். எனக்கு அந்த அம்மாவின்ர "அண்டைக்குக் காலமை நான்" எண்டதை வாசிச்ச உடனே அந்தத் தாங்கிதான் மனசில வந்தது.


மட்டக்குளி_பையன் (வியாழன், காலை 7.40)

நேத்து எல்லாம் வாசிச்சேன். அக்கா குடும்பத்து ஃபோம் கதை சொன்னது சரி, ஏத்துக்கிறேன்.

ஆனா இன்னொன்னு யாரும் பேசல்ல. எடம். எங்க வீடு ஒரே ரூம், நடுவுல ஒரு திரை. அம்மா, பாட்டி, அண்ணன் குடும்பம், நான். சுவருக்கு அந்தப் பக்கம் தும்மினா இந்தப் பக்கம் கேக்கும். அங்க வந்து ஒரு மிஸ் "மனசு விட்டுப் பேசுங்க அம்மா"ன்டு சொன்னா அம்மா மருமக முன்னால என்னத்த பேசுவாங்க? நல்லா இருக்கேன்டுதான் சொல்வாங்க. ரிப்போர்ட்ல நல்லா இருக்காங்கன்டு போயிரும். ஃப்ளாட்டுக்கு மாத்தி விட்ட ஆக்களுக்கும் இதே கததான், காரிடோர் முழுக்க காது.

எங்க அம்மா செவ்வாய்க்கிழமை கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலுக்கு போவாங்க. நான் ரொம்ப நாளா சாமி கும்பிடத்தான் போறாங்கன்டு நெனச்சேன். ஒரு நாள் கூட்டிட்டு வரப் போனா, வெளிய மெழுகுதிரி விக்கிற ஒரு அம்மா பக்கத்துல ஒக்காந்து பேசிக்கிட்டு இருக்காங்க. அந்த அம்மா திரி வித்துக்கிட்டே, சில்லற குடுத்துக்கிட்டே கேக்கிறாங்க. எங்க அம்மா வீட்டுல அப்படி பேசி நான் பாத்ததே இல்ல.


பழைய_மிஸி (வியாழன், காலை 9.05)

தம்பி நல்லாச் சொன்னீங்கள். ஃப்ளாட்டுக்குப் போறவை அம்மாவைக் கொஞ்சம் கீழ கூட்டிக்கொண்டு நடக்கலாம், "மருந்துக்கடை எங்க எண்டு காட்டுறீங்களா" எண்டு கேட்டால் ஆரும் ஒண்டும் நினைக்க மாட்டினம். நடக்கேக்க கதை வரும், முகம் பாக்கத் தேவையில்லை.


இரவுச்சேவை (வியாழன், இரவு 11.30)

கடற்கரை, உங்களிட்ட ஒண்டு கேக்கவேணும். நீங்கள் அந்தக் காலமையைக் கேட்ட பிறகு அதை எங்க கொண்டுபோய் வைக்கப்போறீங்கள்? நான் இதைப் பயமுறுத்தக் கேக்கேல்ல. முதல் வருசம் நான் ஷிஃப்ட் முடிஞ்சு விடியப்புறம் வீட்ட போய் அம்மா தேத்தண்ணி தந்தால் கூடக் குரல் எடுக்க ஏலாமல் இருந்திருக்கிறன். ஒரு கட்டத்தில கேக்கிற கதை எல்லாம் ஒண்டு மாதிரிக் கேக்கத் தொடங்கினது, அப்பதான் நான் மூண்டு மாசம் விலகி இருந்தன். மற்றவையின்ர துயரத்தைக் கேட்டுக் கேட்டு அது கேக்கிறவையின்ர உடம்புக்குள்ளயும் இறங்கும் எண்டு இப்ப நல்லாத் தெரிஞ்ச விசயம். அதுக்கு மருந்து, உங்களைக் கேக்க ஒராள். சுப்பவைசர் பென்சில் வட்டத்தோட நிப்பாட்டினவ, அது நல்லதுதான், ஆனா இந்த முறை அவவிட்ட அரை மணித்தியாலம் கேளுங்கோ. தராட்டியும் திருப்பிக் கேளுங்கோ. வேலை கூடின இடங்களில முதல் வெட்டுப்படுறது அந்த அரை மணித்தியாலம்தான்.


கடற்கரை_ரயில் (வெள்ளி, காலை 6.50)

கேட்டிட்டன். திங்கள் பின்னேரம் தாறன் எண்டு சொல்லியிருக்கிறா.


கடற்கரை_ரயில் (அடுத்த வியாழன், இரவு 10.20)

சொல்லவேண்டிய கடமை இருக்கு, நீங்கள் எல்லாரும் இவ்வளவு எழுதினனீங்கள்.

நான் அவவுக்குக் கோல் எடுத்தன். "அம்மா, போன முறை நீங்கள் சொல்ல வந்ததை நான் மூண்டு தரம் குழப்பிப்போட்டன், எனக்குப் பிறகுதான் தெரிஞ்சது, மன்னிச்சுக்கொள்ளுங்கோ" எண்டன். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தம் இல்லை. நான் ஹலோ சொல்லேல்ல, இரவுச்சேவை, உங்களைத்தான் நினைச்சுக்கொண்டு நிண்டன். பிறகு அவ, "மூண்டு தரமோ, நீ எண்ணினியோ?" எண்டா. வாறன் எண்டா.

நேற்று வந்தா. ஃபோம் லாச்சிக்குள்ள. கதிரை ரெண்டையும் ஜன்னல் பக்கம் திருப்பிப் போட்டன். முதல் இந்த இழையைப் பற்றிச் சொன்னன், அவவிட்டக் கேக்காமல் எழுதினது பிழை எண்டும் சொன்னன். அவ கன நேரம் யோசிச்சிட்டு, தான் சொன்ன அந்த வசனம் இருக்கட்டும், படிக்கிற பிள்ளையளுக்கு உதவும் எண்டா. அதுக்கு மேல எதுவும் எழுதக்கூடாது எண்டும் சொன்னா.

பிறகு நான் சும்மா இருந்தன். எனக்கு அது சரியான கஷ்டமா இருந்தது, ரெண்டு தரம் "விளங்குது" தொண்டை வரைக்கும் வந்தது. வெளிய மழை தொடங்கினது. அவ மழையைப் பாத்துக்கொண்டு இருந்தா. அப்பிடியே "அண்டைக்குக் காலமை நான்" எண்டு தொடங்கினா. ஐம்பது நிமிசம் எடுத்தது. இடையில நான் கேட்டது ஒரே ஒரு கேள்வி, தேயிலைக்கொழுந்துத் தம்பியின்ர கேள்வி.

நெஞ்சு பாரம் போயிட்டுது எண்டு நான் சொல்லேல்ல. நித்திரைக்கு மருந்து டொக்டர் குடுத்தபடி போகுது. மகளின்ர பேரில இருக்கிற உதவிப் பேப்பர் ஒண்டு தேங்கிக் கிடக்கு, மட்டக்குளி, அதுக்கு நாளைக்குப் பிரதேச செயலகத்துக்குப் போறன்.


மட்டக்குளி_பையன் (அடுத்த வியாழன், இரவு 10.45)

அக்கா சந்தோசம். ஆனா அந்தக் காலையில என்னா நடந்திச்சின்டு சொல்லவே இல்லயே?


கடற்கரை_ரயில் (அடுத்த வியாழன், இரவு 10.52)

அதை எழுதமாட்டன் தம்பி. அவ எனக்குச் சொன்னது.


தெமட்டகொட_ராத்தா (வெள்ளி, காலை 6.05)

எழுத வாணாம். அடுத்த தவண எப்ப வாறாவாம்?


கடற்கரை_ரயில் (வெள்ளி, காலை 6.30)

வாற புதன் ராத்தா. பத்து மணிக்கு.